கீழக்கரையிலிருந்து துபாய்க்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் தம்பி வேலைக்காக முதல் தடவையாகத் துபாய் போகிறான். எங்களுக்கு ஊர் கீழக்கரை, விமானம் மதுரையிலிருந்து. வான்வழித் தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 3,050 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 2,950, மூன்றாவது இடத்தில் 1,830. டிக்கெட்டைப் பார்த்தால் போவதற்கு இரண்டரை மணி நேரமும் வருவதற்கு ஐந்தரை மணி நேரமும் ஆவது போலத் தெரிகிறது. எது சரி? கொழும்பு வழியாகப் போனால் பக்கம் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா? உம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான் என்று."

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரிதான். கீழக்கரை ஊரிலிருந்து துபாய் விமான நிலையத்துக்கு நேர்க்கோடு போட்டால் 3,050 கிலோமீட்டர் வரும். மதுரை விமான நிலையத்திலிருந்து போட்டால் 2,950. அதே 2,950 கிலோமீட்டரை மைலில் சொன்னால் 1,830. வேறு எங்காவது 1,590 என்று பார்த்தாலும் குழம்ப வேண்டாம். அது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். உங்கள் தம்பி ஏறப்போவது மதுரையில் என்பதால் அவருக்கு வேண்டிய எண் 2,950. நேரம், போக ஏறத்தாழ நான்கு மணி, வர ஏறத்தாழ நான்கு மணி. டிக்கெட்டில் தெரியும் இரண்டரையும் ஐந்தரையும் இரண்டு ஊர்க் கடிகாரங்களைக் கலந்து கழிப்பதால் வருபவை.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் ராமநாதபுரத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த எண்களை மட்டும் நம்பி வீட்டார் திட்டம் போட்டுச் சிரமப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். 2,950 என்ற எண்ணை யாரும் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம். மதுரை விமான நிலையம் இருப்பது வடக்கு 9.83 பாகை, கிழக்கு 78.09 பாகையில். துபாய் விமான நிலையம் வடக்கு 25.25, கிழக்கு 55.36. ஆக, துபாய் நமக்கு 15.42 பாகை வடக்கே, 22.73 பாகை மேற்கே. தெற்கு வடக்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். 15.42-ஐ 111-ஆல் பெருக்கினால் 1,712. கிழக்கு மேற்காகப் போகும்போது இந்த 111 அப்படியே நிற்காது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். மதுரைக்கும் துபாய்க்கும் நடுவில் உள்ள அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 106 கிலோமீட்டர்தான். 22.73-ஐ 106-ஆல் பெருக்கினால் 2,409. இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,955 வரும். பூமியின் வளைவைச் சரியாகச் சேர்த்துக் கணினி போடும் கணக்குக்கும் இதற்கும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் வித்தியாசம். இந்த முறையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மஸ்கட்டுக்கும் தோஹாவுக்கும் கோலாலம்பூருக்கும் அவர்களே போட்டுப் பார்ப்பார்கள்.

உருண்டையான பூமியில் வளைகோடுதான் குறுக்குவழி, அதனால்தான் விமானம் வரைபடத்தில் வளைந்து போகிறது என்று விளக்குவார்கள். லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். மதுரை–துபாய்க்கு அந்த வளைவால் மிச்சமாவது ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடத் தேறாது. அதை இங்கே விட்டுவிடலாம்.

விமானம் நேர்க்கோட்டிலும் போவதில்லை. மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பதால், கீழ்க்காற்று வீசும் நாளில் துபாய் போகிற விமானமும் முதலில் நம் பக்கமாகக் கிழக்கே எழும்பி, பிறகு வட்டம் போட்டுத் திரும்பி மேற்கே போகும். அதற்குப் பிறகு கேரளக் கரையைக் கடந்து, அரபிக்கடலுக்கு மேலே வகுத்து வைத்திருக்கும் வான்வழிகளில் ஓமன் பக்கமாக ஏறும். துபாய் பக்கம் நெரிசல் இருந்தால் அங்கேயும் ஒரு சுற்று சுற்றவிடுவார்கள். இதிலெல்லாம் கொஞ்சம் தூரம் கூடும்.

இனி நேரம். இந்தத் தடத்தில் போவதெல்லாம் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள். மேலே ஏறி நிலைப்பட்ட பிறகு அவற்றின் வேகம் மணிக்கு 830, 840 கிலோமீட்டர். 2,950-ஐ 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். பாக்கி அரை மணி எங்கே போகிறது? ஏறும் முதல் இருபது இருபத்தைந்து நிமிடத்திலும் இறங்கும் கடைசி அரை மணியிலும் அந்த வேகம் கிடையாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமும் தரையை விட்டு எழும்பும் நேரம் இல்லை. நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். அதேபோல் சேரும் நேரம் என்பது அங்கே போய் நின்று கதவு திறக்கத் தயாராகும் நேரம். மதுரையில் ஓடுதளத்துக்குப் போய்ச் சேர சில நிமிடம் போதும். துபாயில் இறங்கிய பிறகு தரையிலேயே கால் மணி நேரம் உருண்டுகொண்டிருக்கும். முதல் தடவை போகிறவர்கள் "இறங்கியாச்சே, ஏன் கதவைத் திறக்கவில்லை" என்று தவிப்பது அப்போதுதான். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெல்ட் விளக்கு அணையும்வரை எழுந்து நிற்கவும் வேண்டாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையில் காற்றின் பெயரைக் கேட்டாலே மாதம் தெரிந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் கடலில் வலை போட முடியாமல் தவிப்பது மேற்கிலிருந்து வரும் காற்றால். ஆனால் அதே மாதங்களில், அதே இடத்துக்கு நேர் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில் காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே பதினான்கு, பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெரிய காற்றோட்டம் உருவாகும்; மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் விவரித்தது இதைத்தான். நம் விமானங்கள் அதற்குச் சற்றுக் கீழே, பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போனாலும் அந்த இழுப்பு அங்கேயும் உண்டு. அதனால் ஆடி, ஆவணியில் துபாய் போகிறவருக்குப் பின்காற்று, திரும்பி வருகிறவருக்கு எதிர்காற்று.

தை, மாசியில் கதை மாறிவிடும். அப்போது வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வேறொரு பலமான காற்றோட்டம் ஓடும். பாதையின் பின்பகுதியில், ஓமனை நெருங்கும்போது, துபாய் போகிற விமானம் அதற்குள் மூக்கை நீட்டுகிறது. வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துப் பாருங்கள். 2,950-ஐ 790-ஆல் வகுத்தால் மூன்று மணி நாற்பத்து நான்கு நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 890-ஆல் வகுக்க வேண்டும். மூன்று மணி பத்தொன்பது நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், இருபத்தைந்து நிமிட வித்தியாசம். டிக்கெட்டில் போக வரக் காட்டும் நேரம் சமமாக இல்லாததற்குக் கடிகாரத்தை விட்டால் இதுதான் காரணம். "விமானம் சீக்கிரம் வந்துவிட்டது" என்று குளிர்காலத்தில் மதுரையில் கேட்பதும் இதனால்தான்.

கடிகாரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். உலகம் முழுக்க இதே வழக்கம்தான். இந்திய நேரம் துபாயை விட ஒன்றரை மணி முன்னால். மதுரையில் பகல் 12 மணிக்குப் புறப்பட்டால், நான்கு மணி நேரம் கழித்து நம் வீட்டுக் கடிகாரம் மாலை 4 காட்டும். துபாயில் அப்போது பிற்பகல் 2.30. டிக்கெட்டில் 12.00 – 14.30 என்று இருக்கும். கழித்தால் இரண்டரை. திரும்பும்போது துபாயில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டால் மதுரையில் இறங்குவது மறுநாள் அதிகாலை 3.30. கழித்தால் ஐந்தரை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், நான்கு வரும். எந்த ஊருக்கும் இந்த வித்தை பொருந்தும். சவூதி, குவைத், கத்தார் என்றால் நமக்குப் பின்னால் இரண்டரை மணி. சிங்கப்பூர், மலேசியா என்றால் நமக்கு முன்னால் இரண்டரை மணி. கொழும்பு நேரம் 2006-லிருந்து நம் நேரமேதான்.

நோன்பு மாதத்தில் பயணம் வைப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மேற்கே பறக்கும்போது சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறோம். 22.73 பாகைக்குப் பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சுமார் 91 நிமிடம் பகல் நீளும். மாலையில் மதுரையில் ஏறி, கீழக்கரைப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே வெயில் நின்றுகொண்டிருக்கும். தான் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகுதான் நோன்பு திறப்பது. பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதும் தெரிந்ததுதான். பிடிப்பதானால் பகல் நீளுவதை மனதில் வைத்துத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கைப்பையில் இருக்கட்டும். தண்ணீரைப் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு உள்ளே வாங்க வேண்டும். வெளியிலிருந்து பாட்டிலோடு விடமாட்டார்கள்.

உம்மாவுக்கு வேண்டிய பதில் இவற்றில் எதிலும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வீட்டு வாசலிலிருந்து அங்கே அறை வாசல்வரை ஆகும் நேரம்.

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வந்து, பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் தாண்டி, விரகனூரில் சுற்றுச்சாலை பிடித்து விமான நிலையம் போனால் 135 கிலோமீட்டர் வாக்கில் வரும். சாலை நன்றாக இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் நான் எல்லோருக்கும் மூன்று மணி என்றே சொல்வேன். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வரும். ஒருவருக்குத் தேநீர், ஒருவருக்குத் தொழுகை, ஒரு குழந்தைக்கு வாந்தி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே நிற்க வேண்டும். கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள். எனவே பகல் 12 மணி விமானம் என்றால் கீழக்கரையில் காலை 6 மணிக்கு வண்டி நகர வேண்டும். இறங்குவது நம் நேரம் மாலை 4. குடியேற்றச் சோதனை, கண் படம் எடுப்பது, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் தாராளமாக ஆகும். அங்கிருந்து கம்பெனி வண்டியோ மெட்ரோவோ பிடித்து அறைக்குப் போக இன்னொரு மணி நேரம் அல்லது அதற்கு மேல். தம்பி அறையில் பெட்டியை வைக்கும்போது நம் வீட்டில் மஃரிபு, அதாவது மாலைத் தொழுகை நேரம், ஆகியிருக்கும். காலை 6 முதல் மாலை ஆறரைவரை பன்னிரண்டரை மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே உம்மாவிடம் "நாலு மணி நேரம்தான்" என்று சொல்லாதீர்கள். 12 மணிக்கு விமானம் கிளம்பியது தெரிந்ததும் நான்கு மணியிலிருந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மாலை ஐந்தரைக்கு முன்னால் செய்தியை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று, துபாய் விமான நிலையத்தில் இலவச வைஃபை கிடைக்கும், ஆனால் அந்த நாட்டில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக இணையாது. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். இது தெரியாமல் இந்தப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப அழைத்து, எடுக்கவில்லையே என்று பதறும் வீடுகள் நம் தெருக்களில் நிறைய. இறங்கியதும் ஒரு குரல் பதிவு அனுப்பு என்று தம்பியிடம் சொல்லிவிட்டால் போதும். பேசுவதற்குப் போட்டிம் செயலியை நம் ஊர்க்காரர்கள் வைத்திருக்கிறார்கள், பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

தொண்டி, திருவாடானைப் பக்கத்துக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் மாறும். அவர்களுக்குத் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி 150 கிலோமீட்டர் வாக்கில். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. மதுரையை விடத் திருச்சியிலிருந்து வெளிநாட்டு விமானங்களும் அதிகம். கட்டணமும் பல நேரம் குறைவாகக் கிடைக்கும். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிக்காரர்களுக்கு மதுரைதான் வசதி.

நம் கரையின் இருப்பிடத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு புள்ளி வைத்து அளந்தால் துபாய் 3,040 கிலோமீட்டர், சிங்கப்பூர் 2,920. இரண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். மேற்கே வளைகுடாவுக்கும் கிழக்கே மலாயா, சிங்கப்பூருக்குமாக ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் பிரிந்து போனது இந்தக் கரையில்தான். விமானம் வருவதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் இருந்தார்கள். இன்று மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானத்தில் நான்கு மணி நேரம் சொச்சம். அதிலும் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது: மதுரை–சிங்கப்பூர் நேர்க்கோடு கடலில் இறங்குவது தேவிப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே, திருப்பாலைக்குடிப் பக்கம். அந்த ஊர்க்காரர் இரண்டரை மணி நேரம் மேற்கே போய் விமானம் ஏறுகிறார். ஏறிய கால் மணி நேரத்துக்குள் தன் ஊர்ப் பக்கமே திரும்பி வந்து, அதைத் தாண்டித்தான் கிழக்கே போகிறார்.

கொழும்பு வழி பற்றிய கேள்விக்கு இப்போது வருகிறேன். பக்கம் என்று சொல்வது தூரக் கணக்கில் பிழை. மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் 350 கிலோமீட்டர், தென்கிழக்கே. அங்கிருந்து துபாய் 3,290. இரண்டும் சேர்ந்து 3,640. நேர்ப் பாதையை விட சுமார் 700 கிலோமீட்டர் கூடுதல், அதுவும் முதல் ஒரு மணி நேரம் துபாய்க்கு எதிர்த்திசையில். பிறகு ஏன் போகிறார்கள்? கட்டணத்துக்காகவும், நேர் விமானத்தில் இடம் இல்லாதபோதும், பெட்டி எடை கூடுதலாகக் கிடைக்கும்போதும். தவறே இல்லை. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். கொழும்பில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணிக்குக் குறையாமலும் ஐந்தாறு மணியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அதை விட முக்கியம், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, பணமும் போகும். முதல் தடவை போகிற பிள்ளைக்கு இந்தச் சோதனை வேண்டாம். பத்து இருபது சதவீதம் கூடுதலானாலும் நேர் விமானத்தில் அனுப்புங்கள் என்பதுதான் என் கருத்து.

கொழும்பு என்று சொன்னதும் ராமேஸ்வரத்துக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் நிலைமையைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் ஆறுவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து கட்டுநாயக்கா நேர்க்கோட்டில் 240 கிலோமீட்டர்தான். ஆனால் அவர் பாம்பன் பாலத்தைத் தாண்டி 170 கிலோமீட்டர் மேற்கே மதுரைக்கு வர வேண்டும். பிறகு 350 கிலோமீட்டர் பறக்க வேண்டும். 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 520 கிலோமீட்டர். நேரத்தைப் போட்டால் சாலையில் மூன்றரை மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, வானத்தில் ஒரு மணி, அங்கே இறங்கிச் சோதனை முடிந்து கொழும்பு நகருக்குள் போக ஒன்றரை மணி. ஆக ஒன்பது மணி நேரம். அந்த விமானம் மதுரையில் ஏறி, நேர்க்கோட்டில் போனால் மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில்தான் கடலுக்குள் நுழைகிறது. யாழ்ப்பாணம் இன்னும் பக்கம்: ராமேஸ்வரத்திலிருந்து பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர். அதற்கும் திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, முப்பது கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போய்விடலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. அன்றைக்குக் கரையே வாசலாக இருந்தது. இன்றைக்குக் கரையில் இருப்பவர்தான் அதிகத் தூரம் சுற்றுகிறார்.

உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறதே, அங்கிருந்து விடக்கூடாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம். சிறு விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ஆளில்லா விமானங்களுக்கானது; பயணிகள் சேவை கிடையாது, 737 போன்ற விமானம் முழு எடையோடு ஏறும் நீளமும் அதற்கு இல்லை. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வந்தால் சென்னைக்கும் கொழும்புக்கும் பெரிய விடிவு. துபாய்க்கு நேர் விமானம் அங்கிருந்து உடனே வரும் என்று எதிர்பார்த்து யாரும் திட்டம் போட வேண்டாம்.

மறுபடியும் உங்கள் டிக்கெட். தேதியைப் பாருங்கள், குறிப்பாக நள்ளிரவை ஒட்டிய விமானமாக இருந்தால். 15-ஆம் தேதி 00.25 என்று போட்டிருந்தால் அது 14-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு இருபத்தைந்து. கீழக்கரையில் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை ஆறரைக்கு. 15-ஆம் தேதி மாலை வேன் பேசி வைத்து, விமானம் போய் ஒரு நாள் ஆன பிறகு வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். அப்படி விட்ட டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் காசு திரும்பாது. அங்கே வேலைக்குச் சேரும் தேதியும் தள்ளிப்போகும். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் குறியும் 1-ம் இருந்தால் மறுநாள் சேருகிறது என்று பொருள். திரும்பி வரும் டிக்கெட்டில் இது அநேகமாக இருக்கும்.

அந்தத் திரும்பும் நாளில் அழைக்கப் போகிறவர்களுக்கு: அதிகாலை 3.30 என்று டிக்கெட்டில் இருப்பது நம் நேரமேதான். அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் கீழக்கரையில் ஒன்றரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். விமானத்தின் எண்ணைக் கைப்பேசியில் தேடினால் துபாயில் எத்தனை மணிக்கு எழும்பியது என்று வந்துவிடும். அது எழும்பியது தெரியாமல் வண்டியை எடுக்காதீர்கள். தாமதம் என்றால் வீட்டிலேயே தூங்கலாம். தை, மாசியாக இருந்தால் பின்காற்றில் இருபது நிமிடம் முன்னாலேயே இறங்கக்கூடும். அப்போது மட்டும் ஒன்றே கால் மணிக்கே கிளம்புங்கள். ஓட்டுநர் பகலில் தூங்கியிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.